ஏத்தன் வாழை: முதலில் கயிறு, அப்புறம் யூரியா

புதிதாக வாழை வைத்தவர்கள் என்னிடம் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "ஒரு மூட்டுக்கு எவ்வளவு யூரியா போடணும்?" மூடு என்றால் ஒரு வாழை. நான் திருப்பிக் கேட்பேன்: "எத்தனை அடிக்கு வச்சிருக்கீங்க?" அதோடு பேச்சு நின்றுவிடும். குழி எடுக்க வந்தவரிடமே விட்டுவிட்டேன், அஞ்சோ ஆறோ இருக்கும் என்பார்கள். அந்த "அஞ்சோ ஆறோ"வில்தான் பாதி விளைச்சல் போகிறது.

குமரி மாவட்டத்தில் 30 சென்ட், 50 சென்ட் என்று நிலம் வைத்துக்கொண்டு, கிணற்றுத் தண்ணீரோ கால்வாய்த் தண்ணீரோ பாய்ச்சி, முதல்முறை ஏத்தன் வைக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வெளியூர்க்காரர்கள் நேந்திரன் என்பதைத்தான் நாம் ஏத்தன் என்கிறோம். மட்டி, செந்துளுவன், பாளையங்கோட்டான் எல்லாவற்றுக்கும் இதே கணக்கைப் போட்டுவிடாதீர்கள். அவற்றின் உயரம் வேறு, வயது வேறு, சாப்பாடும் வேறு.

நானும் அடி வாங்கித்தான் இதைக் கற்றேன். முதல் வருஷம் 40 சென்டில் ஐந்தடிக்கு ஐந்தடி வைத்தேன். கிட்டத்தட்ட எழுநூறு மூடு. எழுநூறு குலை, ஒரு குலைக்கு இவ்வளவு ரூபாய் என்று மனசுக்குள் பெருக்கிப் பார்த்துக்கொண்டே தண்ணீர் விட்டேன். ஐந்தாம் மாதம் தோட்டத்துக்குள் நுழைந்தால் பகலிலேயே இருட்டு. பக்கத்துத் தோட்டத்துப் பாட்டா வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "எதுக்கு மக்கா இப்படி நெருக்கி வச்ச? வாழைக்கு வெயில் வேண்டாமா?" என்றார். எனக்கு அது உறைக்கவில்லை. இலை வெளுக்கிறதே என்று இன்னும் கொஞ்சம் யூரியா அள்ளிப் போட்டேன். மூடு ஒவ்வொன்றும் தென்னை மாதிரி உயர்ந்து, தண்டு மெலிந்து, பாதி மூடுகள், ஏத்தன் அதிகம் விற்கும் ஓணம் முடிந்த பிறகு குலை தள்ளின. வெட்டிய குலையைச் சந்தையில் பார்த்தவர், "சீப்புக்குச் சீப்பு இடைவெளி விட்டு வச்சீரா?" என்று கேட்டார்.

நிலம், தண்ணீர்

விளையா (மேட்டுத் தோட்ட நிலமா), ஏலாவா என்பதை முதலில் பாருங்கள். மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கத்து விளைகள் பெரும்பாலும் செம்மண்ணும் செம்புரையும் (லேட்டரைட் மண்) கலந்தவை. தண்ணீர் சீக்கிரம் வடியும், உரமும் அதோடு சேர்ந்து இறங்கும். மண்ணில் புளிப்புத் தன்மை அதிகம். ஏலா என்றால் பழைய நெல்வயல். களியும் வண்டலுமாக இருக்கும், தண்ணீர் நிற்கும். ஏலாவில் வாழை வைப்பதானால் இரண்டு வரிசைக்கு ஒரு ஓடையாவது ஒன்றரை, இரண்டு அடி ஆழத்துக்கு வெட்டி, அந்த மண்ணை வாழை நிற்கும் மேட்டில் போடுங்கள். வாழைக்குத் தண்ணீர் வேண்டும், ஆனால் தண்ணீரில் நிற்க அதற்குப் பிடிக்காது.

கோதையாற்றுப் பாசனக் கால்வாய்களில், அதாவது பேச்சிப்பாறை, பெருஞ்சாணித் தண்ணீர், வழக்கமாக ஜூனில் திறந்து பிப்ரவரி கடைசி வரை வரும். அது நெல்லின் கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு போகக் கணக்குக்கு ஏற்ற நாள்காட்டி, வாழைக்கு ஏற்றதல்ல. ஐப்பசியில் வைத்த ஏத்தன் மார்ச், ஏப்ரல், மே மாதங்களில்தான் மும்முரமாக வளரும். அப்போது கால்வாய் காய்ந்து கிடக்கும். கிணறோ குளமோ இல்லாமல் கால்வாயை மட்டும் நம்பி ஓணத்துக்கு ஏத்தன் வைக்காதீர்கள். இந்த ஒன்றில் சமரசம் வேண்டாம்.

மண் பரிசோதனைக்கு உங்கள் ஊர் வேளாண்மை விரிவாக்க மையத்தில் மாதிரி கொடுக்கலாம். நாலைந்து இடத்தில் முக்கால் அடி ஆழம் வரை எடுத்த மண்ணைக் கலந்து, அரைக் கிலோ கொண்டுபோனால் போதும்.

எப்போது வைப்பது

ஏத்தன் பத்து, பதினோரு மாதப் பயிர். ஓணம் ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ வரும். அங்கிருந்து பின்னால் எண்ணினால் புரட்டாசிக் கடைசி, ஐப்பசி. எல்லாரும் இதே கணக்கைப் போடுவதால் ஓணம் வாரத்தில் தொடுவெட்டிச் சந்தையிலும் திங்கள்சந்தையிலும் குலை குவிந்து கிடப்பதும் உண்டு. பாதியை ஒரு மாதம் தள்ளி வைப்பது புத்திசாலித்தனம் என்பது என் எண்ணம். அது அவரவர் துணிச்சல்.

இடைவெளி

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தோட்டக்கால் (இறைத்துப் பாய்ச்சும் மேட்டுநில) நேந்திரனுக்கு 1.8 மீட்டருக்கு 1.8 மீட்டர் சொல்கிறது. எக்டேருக்கு 3,086 மூடு. கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதே வாழைக்கு 2 மீட்டருக்கு 2 மீட்டர் சொல்கிறது. எக்டேருக்கு 2,500. நாம் எல்லையில் இருப்பதால் இரண்டு பேச்சும் காதில் விழும். இரண்டுமே தவறில்லை.

சென்ட் கணக்கில் சொல்கிறேன். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஆறடிக்கு ஆறடி வைத்தால் சென்டுக்கு 12 மூடு. ஆறரை அடி வைத்தால் 10, இதுதான் ஏறக்குறைய 2 மீட்டர். ஏழடி வைத்தால் 9-க்கு ஒரு பிடி குறைவு. நான் வைத்த ஐந்தடிக்கு 17. வெயில் நன்றாக விழும், சுற்றிலும் மரம் இல்லாத விளை என்றால் ஆறடி போதும். தென்னைக்கு நடுவிலோ, ரப்பர் நிழல் விழும் ஓரத்திலோ, மழை மூட்டம் அதிகமுள்ள மலையடிவாரத்திலோ என்றால் ஆறரைக்குக் கீழே இறங்க வேண்டாம். முதல்முறை வைப்பவர் கண்ணை மூடிக்கொண்டு ஆறரை அடி வையுங்கள். சென்டுக்கு பத்து என்பது மனக்கணக்குக்கும் லேசு. 40 சென்ட் என்றால் 400 மூடு.

இடைவெளிக்கு இவ்வளவு பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் இருக்கிறது. முழுதாக வளர்ந்த ஏத்தன் இலை ஒன்று ஆள் உயரத்துக்கு மேல் நீளும். பக்கத்து மூட்டின் இலையும் அப்படியே. இரண்டும் நுனியில் தொட்டுக்கொண்டால் நிலம் முழுக்க வெயிலை வாங்குகிறோம் என்று பொருள். ஒன்றன் மேல் ஒன்று படுத்தால் கீழ் இலை சும்மா நிற்கிறது. வெயிலைத் தேடி மூடு உயரும், தண்டு பருக்காது, குலை தள்ளுவதும் தாமதமாகும். காற்று ஓடாமல் ஈரம் தங்குவதால் இலைப்புள்ளி நோயும் கீழிருந்து ஏறும். குலை தள்ளும்போது எட்டுப் பச்சை இலையாவது இல்லாவிட்டால் காய் தேறாது. இத்தனையும் வெளியே பார்ப்பதற்கு "சத்து இல்லை" என்பது போலவே தெரியும். புதியவர் உடனே யூரியாவை எடுப்பார். நிழலால் வந்த மெலிவை யூரியா இன்னும் நீட்டித்தான் விடும்.

குழிக்கு மூன்று கன்று வைத்து ஏக்கருக்கு இரண்டாயிரம் மூடு எடுக்கும் அடர்நடவு முறையும் இருக்கிறது. அதில் குழிகளுக்கு இடையே 2 மீட்டரும் வரிசைக்கு வரிசை 3 மீட்டரும் விடுவார்கள். சொட்டுநீரும் அதிலேயே உரம் கரைத்து விடும் ஏற்பாடும் உள்ளவர்களுக்கு அது சரி. முதல் வருஷக்காரருக்கு வேண்டாம்.

குறிக்கும் விதம்: தேங்காய் நார்க் கயிறு வேண்டாம், நனைந்தால் நீளம் மாறும். நைலான் கயிறு வாங்கி ஆறரை அடிக்கு ஒரு முடிச்சு போட்டு, முடிச்சில் சிவப்புத் துணி கட்டுங்கள். நிலத்தின் நேரான ஓரத்தில் முதல் வரிசையைப் பிடித்து முடிச்சுக்கு முடிச்சு குச்சி ஊன்றுங்கள். அடுத்த வரிசைக்கு மூலை சரியாக வர, ஒரு பக்கம் 6 அடி, மறு பக்கம் 8 அடி அளந்து, குறுக்கே 10 அடி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் மூலை நேர். குச்சி ஊன்றி முடியும்வரை நீங்களே நில்லுங்கள். குழி எடுக்க வருகிறவர்கள் பாறையோ வேரோ வந்தால் ஒரு அடி தள்ளித் தோண்டிவிடுவார்கள். அப்படித் தள்ளிய குழி அடுத்த வரிசையையும் கெடுக்கும்.

ஓரத்தில் வேலியிலிருந்து நாலடி விடுங்கள். அயலாரின் பிலா (பலா) நிழல் விழும் மூலையை வாழைக்குக் கொடுக்காமல் நாலு சேனை வைத்துக்கொள்ளலாம்.

குழி, கன்று

இதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒன்றரை அடி உள்ள குழி. புளிப்பு மண் என்றால் குழிக்கு அரைக் கிலோ சுண்ணாம்பு தூவி மண்ணோடு கலந்து, இரண்டு வாரம் ஆறவிட்டு, பிறகு 10 கிலோ மக்கிய சாணமோ கம்போஸ்டோ போடுங்கள். சுண்ணாம்பையும் சாணத்தையும் ஒரே நாளில் போட்டால் சாணத்தில் இருக்கும் தழைச்சத்து (நைட்ரஜன்) நெடியாகப் பறந்துவிடும்.

கன்று ஈட்டிக்கன்றாக, ஒல்லி இலையோடு, மூன்று நாலு மாத வயதில், அடிச்சுற்று 35 முதல் 45 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அகல இலை விரித்த நீர்க்கன்று வேண்டாம். முடிக்கொத்து நோய் கண்ட தோட்டத்திலிருந்து இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பழைய வேரைச் செதுக்கி, தண்டைக் கிழங்கிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டி, சாணக்கரைசலும் சாம்பலும் பூசி, மூன்று நாலு நாள் வெயிலில் உணர்த்தி வைப்பது நம் பக்கத்துப் பழக்கம். நல்ல பழக்கம். எல்லாக் கன்றும் ஏறக்குறைய ஒரே பருமனாக இருப்பது முக்கியம். பெரியதும் சிறியதும் கலந்து வைத்தால் ஆறரை அடி விட்டும் பெரியது சிறியதை மறைக்கும்.

தழைச்சத்து: எவ்வளவு

வாழைக்கு உரம் நிலத்துக்குக் கணக்கில்லை, மூட்டுக்குக் கணக்கு. ஆறடியும் ஆறரையும் ஒரே 40 சென்டில் எண்பது மூடு வித்தியாசம் காட்டும். "ஏக்கருக்கு இத்தனை மூட்டை யூரியா" என்று யாராவது சொன்னால், எத்தனை மூட்டுக்கு என்று கேளுங்கள்.

தோட்டக்கால் நேந்திரனுக்கு தமிழ்நாடு பரிந்துரை, மூடு ஒன்றுக்கு ஒரு வருஷத்துக்கு தழைச்சத்து 150 கிராம், மணிச்சத்து (பாஸ்பரஸ்) 90, சாம்பல்சத்து (பொட்டாசியம்) 300. தழைச்சத்தை மூன்றாம், ஐந்தாம், ஏழாம் மாதம் என்று மூன்றாகப் பிரிக்கச் சொல்கிறார்கள். கேரளத்தில் இறவை நேந்திரனுக்கு 190, 115, 300. தழைச்சத்தை ஆறாகப் பிரித்து, முதல் ஐந்து மாதம் மாதத்துக்கு ஒன்று, குலை முழுதும் வெளிவந்ததும் ஒன்று என்று கொடுக்கிறார்கள்.

நான் செய்வது இரண்டுக்கும் நடுவில். அளவைத் தமிழ்நாட்டுக் கணக்கிலும், பிரிப்பதைக் கேரளக் கணக்கிலும் வைத்துக்கொள்கிறேன். நமக்கு இடவப்பாதியும் (தென்மேற்குப் பருவமழை) பெய்கிறது, ஐப்பசி மழையும் பெய்கிறது. செம்புரை மண்ணில் ஒரே தடவை நூறு கிராம் யூரியா போட்டு மறுநாள் கொட்டினால் அதில் எவ்வளவு வேருக்கு, எவ்வளவு ஓடைக்கு என்று யாரும் அளக்க முடியாது. சிறுகச் சிறுகப் போட்டால், ஒரு தடவை மழை அடித்துக்கொண்டு போனாலும் மற்ற ஐந்து தடவை மிச்சம்.

யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. 150 கிராமுக்கு யூரியா சுமார் 325 கிராம். அதை இப்படிப் பிரிக்கிறேன்: நட்டு ஒரு மாதத்தில் 50 கிராம், இரண்டாம் மாதம் 60, மூன்றாம் மாதம் 70, நாலாம் மாதம் 70, ஐந்தாம் மாதம் 50, குலை வந்ததும் 25.

ஐந்தாம் மாதத்தோடு பெரும்பங்கு முடிந்துவிடுவதைக் கவனியுங்கள். நாலு, ஐந்தாம் மாதத்தில் வாழையின் வயிற்றுக்குள் குலை உருவாகிவிடும், கண்ணுக்குத்தான் தெரியாது. எத்தனை சீப்பு என்பது அங்கே தீர்மானமாகிறது. ஏழாம் மாதம் கூம்பு (வாழைப்பூ) எட்டிப்பார்த்த பிறகு எவ்வளவு யூரியா போட்டாலும் சீப்பு கூடாது. அப்போது போடும் 25 கிராம் இருக்கிற இலையைப் பச்சையாக வைத்திருக்க மட்டும்.

பொட்டாஷ் இல்லாமல் யூரியா மட்டும் போடுவதை எங்கே பார்த்தாலும் எனக்குக் கோபம் வரும். பொட்டாஷில் 60 சதவீதம் சாம்பல்சத்து. 300 கிராமுக்கு அரைக் கிலோ பொட்டாஷ். முதல் ஐந்து மாதமும் மாதம் 100 கிராம். கணக்கு இதைவிடச் சுலபமாக இருக்க முடியாது. தழைச்சத்து ஏறி சாம்பல்சத்து குறைந்தால் இலை கரும்பச்சையாக இருக்கும், வரப்பில் போகிறவர்கள் "நல்லா வந்திருக்கே" என்பார்கள். குலையில் சீப்புகள் எட்ட எட்டத் தொங்கும், காய் தேறாது.

மணிச்சத்துக்குப் புளிப்பு மண்ணில் ராக் பாஸ்பேட் நன்றாக வேலை செய்யும். பையில் 20 சதவீதம் என்று போட்டிருந்தால் மூட்டுக்கு 450 கிராம், முதல் இரண்டு மாதத்தில் பாதி பாதி. 20:20:0:13 போன்ற கலப்பு உரம் போடுகிறவர்கள் அதில் வரும் தழைச்சத்தைக் கழித்துக்கொள்ள மறக்காதீர்கள். அந்த உரம் 100 கிராம் போட்டால் 20 கிராம் தழைச்சத்து ஏற்கெனவே போய்விட்டது, யூரியாவில் 43 கிராம் குறைக்கலாம். நடுவில் இருக்கும் பூஜ்ஜியம் பொட்டாஷ் இல்லை என்று சொல்கிறது. அதைத் தனியாகத்தான் போட வேண்டும்.

400 மூட்டுக்கு மொத்தம்: யூரியா 130 கிலோ, 45 கிலோ மூட்டையில் மூன்றுக்குள் அடங்கும். பொட்டாஷ் 200 கிலோ, நாலு மூட்டை. ராக் பாஸ்பேட் 180 கிலோ. மானிய யூரியா வாங்க ஆதார் எண்ணும் கைரேகையும் கேட்பார்கள். வீட்டில் ஆள் இல்லாத நேரம் பையனை அனுப்பிப் பிரயோசனமில்லை.

திசு வளர்ப்புக் கன்று வைத்தவர்களுக்குக் கணக்கு மாறும். அதற்கு ஒன்றரை மடங்கு உரத்தை இரண்டு, நாலு, ஆறு, எட்டாம் மாதங்களில் கொடுக்கச் சொல்கிறது தமிழ்நாட்டுப் பரிந்துரை.

எப்படிப் போடுவது

கைப்பிடி அளவு என்பது ஏமாற்று. என் கைப்பிடியும் வேலைக்கு வரும் தம்பியின் கைப்பிடியும் ஒன்றல்ல. மளிகைக்கடைத் தராசில் 50 கிராம் யூரியா நிறுத்து, ஒரு சிரட்டையில் (கொட்டாங்கச்சியில்) கொட்டி, எதுவரை வருகிறதோ அங்கே ஆணியால் கீறிவிடுங்கள். 70 கிராமுக்கு இன்னொரு கீறல். பொட்டாஷுக்குத் தனிச் சிரட்டை, ஏனென்றால் இரண்டின் பருமனும் வேறு. என் சிரட்டை ஆறு வருஷமாகக் கொட்டகைக் கம்பில் தொங்குகிறது.

ஒரு தட்டில் யூரியாவைத் திறந்து வைத்தால் அது வாயுவாகிப் போய்விடாது. ஈர மண்ணில் பட்டால் இரண்டு மூன்று நாளில் அது அம்மோனியாவாக மாறும். மேலே கிடந்தால் அந்த வாயு காற்றோடு போகும். மண்ணுக்குள் இருந்தால் மண் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக மாற்றும். வாழை வேர் அதை விரும்பி எடுக்கும், ஆனால் மண் அதைப் பிடிக்காது, தண்ணீர் போகும் வழியில் இறங்கிவிடும். தண்ணீர் கட்டி நிற்கும் ஏலாவில் காற்றில்லாத மண்ணில் அதே நைட்ரேட் மறுபடி வாயுவாகி மேலே போய்விடும். ஆக, மேலே போட்டால் காற்று, அதிக மழை என்றால் ஓடை, தண்ணீர் நின்றால் மறுபடி காற்று என்று மூன்று வாசலிலும் கள்ளன் நிற்கிறான்.

முதல் வாசலை அடைக்க, தடம் (மூட்டைச் சுற்றிய பாத்தி) திறந்து போட்டு மண் மூடுங்கள். கன்று சின்னதாக இருக்கும்போது மூட்டிலிருந்து ஒரு அடி தள்ளி, மூன்றாம் மாதத்துக்கு மேல் ஒன்றரை முதல் இரண்டடி தள்ளி, வட்டமாக இரண்டு மூன்று விரல்கடை ஆழத்துக்குக் கீறித் தூவுங்கள். வாழையின் உண்ணும் வேர் பெரும்பாலும் மேல் ஓரடி மண்ணில்தான் ஓடுகிறது. மம்பட்டியை ஆழமாக இறக்கினால் வேர் அறும். தண்டோடு சேர்த்துக் குவித்துப் போடுவதும் வேண்டாம். கருகும், வேரும் அங்கே குறைவு.

இரண்டாவதுக்கு வானத்தைப் பாருங்கள். ஐப்பசியில் நட்டால் முதல் யூரியா கார்த்திகை மழைக்குள் வந்து விழும். நாள் கணக்குப் பார்த்துப் போடாதீர்கள். மழை விட்டு, மண் கையில் பிடித்தால் உருண்டையாகி, விரலால் அழுத்தினால் உதிரும் பதம் வரும்வரை காத்திருங்கள். ஒரு வாரம் தள்ளிப்போனால் குடி முழுகாது. பனங்காடு மாதிரி வறண்ட மண்ணிலும் போடாதீர்கள். மார்ச் மாதக் கிஸ்தியை (உரத் தவணையை) நன்றாகத் தண்ணீர் விட்ட மறுநாள் போட்டு, லேசாக ஒரு நனை நனைத்தால் போதும். உரம் போட்ட கையோடு தடம் நிரம்பித் தளும்பத் தண்ணீர் விடுவது, போட்ட காசைக் கழுவி விடுவது.

மூன்றாவதுக்கு மருந்து ஓடைதான். ஏலாவில் தண்ணீர் நிற்கிறதென்றால் முதலில் வடியுங்கள், ஒரு வாரம் கழித்து உரம்.

யூரியாவைச் சாம்பலோடோ சுண்ணாம்போடோ கலக்காதீர்கள். அடுப்புச் சாம்பல் வாழைக்கு நல்லதுதான், ஆனால் இரண்டையும் ஒரே சட்டியில் பிசைந்தால் மூக்கில் ஏறும் அந்த நெடிதான் உங்கள் யூரியா. இரண்டு மூன்று வாரம் இடைவெளி விட்டுத் தனித்தனியாகப் போடுங்கள். வேப்பம்புண்ணாக்குத் தூளை யூரியாவில் ஐந்துக்கு ஒன்று கலந்து ஒரு ராத்திரி வைத்துப் போடுவது உதவும். நைட்ரேட்டாக மாறுவதை அது மெதுவாக்கும். இப்போது கடையில் வரும் யூரியாவே வேம்பு பூசித்தான் வருகிறது, ஆனாலும் என் மண்ணுக்கு நான் இன்னும் கலக்கிறேன்.

சொட்டுநீர் வசதி இருந்தால் இதையே வாரா வாரம் சிறுசிறு அளவாகக் கரைத்து விடலாம். சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியம் இருக்கிறது, தோட்டக்கலை அலுவலகத்தில் கேளுங்கள்.

தடத்தைச் சுற்றிப் பயறு விதைத்து, பூக்கும்போது மடக்கி மண்ணில் போடுவதையும், வேலியில் நிற்கும் சீமைக்கொன்னைத் தழையை வெட்டி மூடாக்குப் போடுவதையும் சேர்த்துக்கொண்டால் மண் உரத்தைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கும். ஆனால் தழை போட்டேன் என்று யூரியாவை முழுக்க நிறுத்திவிடாதீர்கள். அது மெதுவாகத்தான் கொடுக்கும், ஏத்தனுக்கு ஐந்து மாத அவசரம்.

பக்கக்கன்று

நீங்கள் அளந்து போட்ட உரத்தை அளக்காமல் சாப்பிடுகிறவை இவை. குலை வரும்வரை முளைக்கிற பக்கக்கன்றை எல்லாம் மாதம் ஒருமுறை மண்ணோடு அறுத்து, குருத்தை நெம்பிவிடுங்கள். விட்டால் ஆறரை அடி இடைவெளி நாலு மாதத்தில் மூன்றடியாகிவிடும். குலை வந்த பிறகு வேண்டுமானால் ஒன்றை விடலாம்.

வேடசந்தூர்ப் பக்கம் இறவையில் புகையிலை போடும் சொந்தக்காரர் ஒருவர் எனக்கு உண்டு. அவருக்கும் இதே பாடுதான், இடைவெளி, தழைச்சத்து, சிம்பு (பக்கத் தளிர்) ஒடிப்பு. பூ வந்தால் கிள்ளி எறிவார், சிம்பு வந்தால் ஒடிப்பார், எல்லாச் சத்தும் இலைக்குப் போக வேண்டும். ஒருமுறை இங்கே வந்து என் தோட்டத்தைப் பார்த்துவிட்டு, "இலை இன்னும் கொஞ்சம் கறுக்கணும், யூரியா பத்தலை" என்றார். அவருக்கு இலைதான் விளைச்சல். நமக்கு இலை சமையற்கட்டு, விளைச்சல் மேலே தொங்குகிறது.

பார்த்துப் படிப்பது

நல்ல வெயிலும் தண்ணீரும் இருந்தால் ஏத்தன் வாரத்துக்கு ஏறக்குறைய ஒரு இலை விடும். நாலைந்து மூட்டில் புது இலைக்கு மார்க்கர் பேனாவால் தேதி எழுதி வையுங்கள். மாதம் இரண்டு இலைதான் வருகிறது, கீழ் இலைகள் வெளிர்ந்து, இலைக்காம்பு இளஞ்சிவப்பாக, காம்புகள் நெருங்கிக் கொத்தாக நிற்கிறது என்றால் தழைச்சத்துக் குறைவு. கிஸ்தியில் பத்து கிராம் கூட்டலாம். இலை வேகம் சரியாக இருக்கிறது, நிறம் கரும்பச்சை, இலை தொட்டால் மெத்தென்று தொய்கிறது என்றால் அடுத்த கிஸ்தியைப் பாதியாக்குங்கள். முதிர்ந்த இலையின் ஓரமும் நுனியும் மஞ்சளாகிக் காய்ந்து வந்தால் அது பொட்டாஷ் கேட்கிறது, யூரியா கேட்கவில்லை. புது இலை வெளுத்து, பழைய இலை பச்சையாக இருந்தாலும் காரணம் யூரியா இல்லை. நுண்சத்தைப் பாருங்கள். திருச்சி வாழை ஆராய்ச்சி மையத்தின் பனானா சக்தி கலவை அதற்கென்றே வருகிறது.

ஐந்தாம் மாதம் உச்சிவேளையில் உள்ளே நடந்து பாருங்கள். தரையில் அங்கங்கே நாணயம் சிந்தியது போல் வெயில் விழுந்தால் இடைவெளி சரி. ஒரு பொட்டும் விழவில்லை என்றால் நெருக்கம். அந்த நிலையில் குறையும் நோயும் உள்ள மூடுகளை மனசைக் கல்லாக்கிக்கொண்டு வெட்டிவிடுவது நல்லது. நான் வெட்டவில்லை, வருத்தப்பட்டேன்.

அதே மாதத்திலிருந்து தண்டுக் கூன்வண்டையும் கவனியுங்கள். தண்டில் பழுப்பு நிறப் பிசின் வடிந்தால் அதுதான். காய்ந்த இலையும் மட்டையும் அறுத்து தண்டைச் சுத்தமாக வைத்திருப்பது பாதி வைத்தியம்.

காற்று

மே, ஜூனில் குலை தள்ளும். சரியாக இடவப்பாதிக் காற்று ஆரம்பிக்கிற நேரம். தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கத்துக்காரர்களுக்குக் கணவாய்க் காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, காற்றாலைகள் அங்கே சும்மா நிற்கவில்லை. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி அடித்தபோது மாவட்டம் முழுக்க வாழை படுத்தது. அந்த மாதிரிக் காற்றுக்கு எந்த இடைவெளியும் தாங்காது. வருஷா வருஷம் வரும் சாதாரணக் காற்றில் முதலில் ஒடிவது, நெருக்கத்தில் உயர்ந்து யூரியாவில் மெலிந்த மூடுதான். மூன்றாம் மாதத்திலிருந்து ஒவ்வொரு உரத்தோடும் மூட்டுக்கு மண் அணையுங்கள். குலை வந்த வாரமே இரண்டு கம்பைக் கத்தரிபோல் கட்டி, குலை சாயும் பக்கம் முட்டுக் கொடுங்கள். அடுத்த வாரம் என்று தள்ளினால் அந்த வாரம்தான் காற்று வரும்.

குலையில் கடைசிச் சீப்பு விரிந்ததும் கூம்பை ஒடித்துத் தோரனுக்கு (பொரியலுக்கு) வீட்டில் கொடுங்கள். கடைசி 25 கிராம் யூரியாவை அந்த வாரமே போடுங்கள். அங்கிருந்து சுமார் மூன்று மாதத்தில் குலை வெட்டலாம்.

வெட்டிய பிறகு தண்டை நின்றபடி விடாதீர்கள், கூன்வண்டு அதில் குடியேறும். வண்டு ஏறாத தண்டைத் துண்டு துண்டாக நறுக்கி, வரிசைக்கு நடுவில் பரப்பி மண் போடுங்கள். நீங்கள் போட்ட பொட்டாஷில் ஒரு நல்ல பங்கு அதில் இருக்கிறது. அடுத்த நடவுக்குப் பழைய குழியில் கன்று இறக்காமல், நைலான் கயிற்றை மூன்றேகால் அடி தள்ளிப் பிடித்து, இரண்டு பழைய மூட்டுக்கும் நடுவில் குச்சி ஊன்றுங்கள்.